ஹாமின் மேல் ஏன் சிரப்? கியூபெக் சர்க்கரைக் குடிலின் சாப்பாட்டுக் கணக்கு

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மேப்பிள் மரத்தின் இனிப்பு நீரைக் காய்ச்சிச் சிரப் எடுக்கும் இடத்துக்குச் சர்க்கரைக் குடில் என்று பெயர். மார்ச் மாதத்தில் அப்படி ஒரு குடிலுக்குச் சாப்பிடப் போகிறவர் முன்னால் என்னென்ன வந்து இறங்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் பட்டாணி சூப். ரொட்டி, அதில் தடவிக்கொள்ள க்ரெத்தோன் என்று அவர்கள் சொல்லும் பன்றிக்கறி விழுது. ஓவனில் உப்பிய ஆம்லெட். ஹாம், அதாவது புகைபோட்ட பன்றித் தொடை. பன்றிக்கொழுப்போடு இரவு முழுக்க மெல்லிய சூட்டில் வெந்த வெள்ளை பீன்ஸ். சிரப்பில் புரட்டிய சாசேஜ். மொறுமொறுவென்று பொரித்த உப்புக்கொழுப்புத் துண்டுகள். பக்தியும் வசவும் கலந்த ஊர்ப் பேச்சில் இவற்றுக்குக் கிறிஸ்துவின் காதுகள் என்று பெயர். கறி வைத்த பை, உருளைக்கிழங்கு, பீட்ரூட் ஊறுகாய். நடுவில் ஒரு ஜாடி மேப்பிள் சிரப். பான்கேக் வரட்டும் என்று அந்த ஜாடியைத் தொடாமல் காத்திருப்பவர் ஊருக்குப் புதியவர் என்று மேசையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஊர்க்காரர்கள் ஆம்லெட்டிலேயே ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். பிறகு ஹாம், பிறகு பீன்ஸ்.

நீண்ட மர மேசை, அறிமுகமில்லாதவர்களோடு பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் பெஞ்சு, கேட்கக் கேட்க வரும் தட்டுகள். பார்த்தால் கல்யாண வீடு. ஆனால் தட்டில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து இது எங்கிருந்து வந்தது, ஏன் இப்போது வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஏறத்தாழ எல்லாமே குளிர்காலம் முழுக்கச் சாப்பிட்டு மிஞ்சியவை. ஐந்து மாதப் பனிக்குப் பிறகு ஒரு விவசாயக் குடும்பத்தின் சேமிப்பு அறையில் என்ன பாக்கி இருக்குமோ அதுதான் இந்த விருந்து. புதிதாகச் சேர்ந்தவை இரண்டே: முட்டையும் சிரப்பும்.

சிரப் ஏன் அந்த நேரத்தில் வருகிறது என்பதில் தொடங்கினால் மற்றவை தாமாக விளங்கும்.

மேப்பிள் மரத்தின் நீர் நினைத்த நேரத்தில் ஒழுகாது. இரவில் உறைநிலைக்குக் கீழே போய், பகலில் அதற்கு மேலே ஏற வேண்டும். இரவு கழித்தல் 5, பகல் கூட்டல் 5 என்றால் பண்ணைக்காரர் முகம் மலரும். கட்டையின் நார்களுக்குள் காற்று இருக்கிறது. குளிரில் அந்த நார்களின் உட்சுவரில் பனி படியும்போது காற்று இறுகுகிறது. வெறுமையை நிரப்ப வேரிலிருந்து நீர் மேலே இழுக்கப்படுகிறது. காலையில் வெயில் பட்டுப் பனி உருகினால், இறுகிய காற்று விரிந்து நீரைத் தள்ளுகிறது. அந்த நேரத்தில் பட்டையில் ஓட்டை இருந்தால் நீர் வெளியே சொட்டும். இரவும் பகலும் ஒரே குளிராக இருந்தாலோ ஒரே சூடாக இருந்தாலோ சொட்டாது. அதனால்தான் பருவம் பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. மொத்தம் ஆறு வாரம் போனால் பெரிது. மொட்டு விரியத் தொடங்கியதும் நீரின் சுவை கெட்டுவிடும். அதோடு கடையைக் கட்ட வேண்டியதுதான்.

சொட்டும் நீர் தண்ணீரைப் போலத் தெளிவானது, நாக்கில் லேசான இனிப்பு. சர்க்கரை இரண்டு, இரண்டரை விழுக்காடு. நம் பதநீரில் பத்து விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த வேலையின் கஷ்டம் புரியும். பண்ணைக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: 86-ஐ நீரின் சர்க்கரை விழுக்காட்டால் வகுத்தால், ஒரு லிட்டர் சிரப்புக்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும் என்பது கிடைக்கும். இரண்டு விழுக்காடு என்றால் 43 லிட்டர். இரண்டரை என்றால் 34 போதும். பொதுவாக 40-க்கு ஒன்று என்று சொல்வது இதன் சராசரிதான். வாளி மாட்டிய ஓட்டை ஒன்று பருவம் முழுக்கத் தருவதும் ஏறக்குறைய அந்த 40 லிட்டர்தான். நாற்பது வயதை நெருங்கிய ஒரு மரத்தின் ஒரு வருட உழைப்பு ஒரு பாட்டில்.

இதோடு ஒரு தொல்லை. அந்த நீர் நிற்காது. இரண்டொரு நாளில் கெட்டுப்போகும். ஒழுகுகிற நாளில் ஒழுகியதை அன்றே காய்ச்சியாக வேண்டும். நல்ல ஒழுக்கு வந்தால் இரவும் தூங்க முடியாது. நூறு வாளி நீரை வீட்டுக்குச் சுமப்பதைவிட அடுப்பைக் காட்டுக்குக் கொண்டுபோவது எளிது. காட்டில் அடுப்பு என்றால் அதற்குக் கூரை வேண்டும், விறகு அடுக்க இடம் வேண்டும், ஆவி போகக் கூரையில் திறப்பு வேண்டும், ஆள் படுக்க ஒரு மூலை வேண்டும். முதலில் திறந்தவெளியில் தொங்கிய இரும்புக் கொப்பரைகள். 19-ஆம் நூற்றாண்டில் அகலமான தட்டுக் கொப்பரைகள் வந்தபோது அவற்றைச் சுற்றிக் குடில்கள் எழுந்தன. குடிலில் நாள்கணக்கில் கிடப்பவருக்குச் சாப்பாடு வேண்டாமா? அந்த அடுப்பிலேயே, அந்தக் கொதிக்கும் நீரிலேயே முட்டை வெந்தது, ஹாம் வெந்தது. ஹாமின் மேல் ஏன் சிரப் என்ற கேள்விக்கு முதல் விடை இதுதான்: சமைக்கும் பாத்திரத்தில் இருந்ததே அதுதான்.

இரண்டாம் விடை உப்பு. கியூபெக் கிராமங்களில் டிசம்பரில்தான் பன்றி வெட்டுவார்கள். கடுங்குளிரே குளிர்பெட்டி, கறி வெளியே உறைந்து கிடக்கும், கிறிஸ்துமஸிலிருந்து பனிக்காலம் முழுக்கச் சாப்பிடலாம். மார்ச்சில் பகல் சூடு ஏறியதும் அந்தப் பெட்டி பழுதாகிவிடுகிறது. மேப்பிள் நீரை ஒழுகவைக்கும் அதே வெயில் உறைந்த கறியைக் கெடுத்துவிடும். அப்போது மிஞ்சி நிற்பது உப்பில் புதைத்த கொழுப்பும் புகைபோட்ட தொடையும்தான். இரண்டும் கரிக்கும். கரிப்புக்கு இனிப்பு எத்தனை பொருத்தம் என்பதைச் சொல்லித் தரச் சமையல்காரர் யாரும் தேவைப்படவில்லை.

காய்ந்த பட்டாணியும் பீன்ஸும் அப்படியே. இலையுதிர் காலத்தில் உலர்த்தி மூட்டை கட்டியவை எலி தொடாத வரை கெடாது. மரம் வெட்டும் முகாம்களிலும் இவைதான் அன்றாடச் சோறு. குளிர்காலத்தில் ஆண்கள் முகாமுக்குப் போய் வசந்தத்தில் திரும்பினார்கள், நிலம் உழும் பதத்துக்கு வரும் முன்னால் இடையில் கிடைத்த சில வாரங்களில் சர்க்கரை காய்ச்சினார்கள். முழங்கால் பனியில் வாளி தூக்குகிற ஆளுக்கு எத்தனை கொழுப்புப் போட்டாலும் தகும். பீட்ரூட்டும் வெள்ளரியும் போன இலையுதிர் காலத்தில் வினிகரில் அடைத்த ஜாடிகளிலிருந்து வருபவை. பச்சை என்று ஒரு இலை தட்டில் இருக்காது. இருந்தால் அது அண்மையில் சேர்த்தது.

முட்டைக்கும் நாள்காட்டியில் காரணம் இருக்கிறது. பகல் சுருங்கினால் கோழி முட்டையிடுவதைக் குறைக்கும். பிப்ரவரி கடந்து வெளிச்சம் நீளத் தொடங்கினால் மறுபடி இடும். மாதக்கணக்கில் காணாத முட்டை திடீரென்று கூடை கூடையாக வருகிறது. உப்பிய ஆம்லெட் அந்தக் கொண்டாட்டம். சர்க்கரைப் பருவம் பெரும்பாலும் தவக்காலத்தோடு மோதும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1960-கள் வரை கத்தோலிக்கத் திருச்சபையின் பிடி இறுக்கமாக இருந்த சமூகம் அது. ஈஸ்டர் வந்ததும் விரதம் முடித்து ஹாமும் முட்டையுமாக உட்கார்ந்தார்கள் என்றால் அந்த ஆவலைப் புரிந்துகொள்ளலாம்.

இந்தக் கதையை இங்கேயே தொடங்கினால் பாதியை மறைத்ததாகும். மரத்தைக் கீறி நீரெடுத்துக் காய்ச்சும் வித்தை பிரெஞ்சுக் குடியேறிகள் கொண்டுவந்தது அல்ல. அனிஷினாபே, அபனாக்கி, ஹோடனோஷோனி, மிக்மாக் ஆகிய பூர்வகுடி மக்கள் வசந்தத்தில் குடும்பம் குடும்பமாக மேப்பிள் காட்டில் முகாமிட்டவர்கள். பிர்ச் மரப்பட்டையைத் தொட்டியாக மடித்து நீர் பிடித்தார்கள். பழுக்கக் காய்ச்சிய கற்களை அதில் போட்டுச் சுண்டவைத்தார்கள். நிலவை வைத்து மாதம் எண்ணும் அனிஷினாபேக்களிடம் இந்தப் பருவத்துக்கென்றே ஒரு நிலவு உண்டு. வந்தவர்கள் சேர்த்தது உலோகக் கொப்பரையை. குடில்களின் சுவர்களில் மாட்டியிருக்கும் பழைய புகைப்படங்களில் தொப்பி வைத்த விவசாயியும் குதிரையும் இருப்பார்கள். அதற்கு முந்திய அத்தியாயம் பெரும்பாலான சுவர்களில் இல்லை.

அந்தக் காலத்தில் இலக்கு சிரப் அல்ல, கட்டிச் சர்க்கரை. மூடி அடைத்த தகர டப்பா இல்லாதபோது சிரப் பூஞ்சை பிடிக்கும், புளிக்கும். கட்டி வருடம் முழுக்க நிற்கும். பின்னால் கரும்புச் சர்க்கரை மலிந்தது. வீட்டுக்கு இனிப்புத் தேவை என்ற நிலையிலிருந்து மேப்பிள் நழுவி ஆசைப் பண்டமானது. சிரப் டப்பாவில் ஏறியது. இன்றும் 540 மில்லிலிட்டர் தகர டப்பாவில் வாங்குவதுதான் கியூபெக்காரர்களின் வழக்கம். கண்ணாடிப் பாட்டில் வெளியூருக்கு.

சிரப்பாவது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட நான்கு டிகிரி மேலே, சுமார் 104 செல்சியஸில், சர்க்கரை 66 விழுக்காட்டைத் தொடும், அதுதான் சிரப். விடாமல் காய்ச்சி 112, 114-க்குக் கொண்டுபோனால் உருட்டுப் பதம். அதை மரத்தொட்டியில் அமுக்கிவைத்த சுத்தமான பனியின் மேல் கோடு கோடாக ஊற்றுவார்கள். ஊற்றிய சில நொடியில் மரக்குச்சியை ஒரு முனையில் வைத்துச் சுருட்ட வேண்டும். வெளியே சில்லென்று, உள்ளே வெதுவெதுப்பாக, பல்லில் ஒட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் முற்றத்துக்கு இழுக்கும் பண்டம் இதுதான். குழந்தைகள் இதற்காகவே பீன்ஸைப் பொறுத்துக்கொள்கிறார்கள். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் வெர்மான்டில் இதைப் புளித்த வெள்ளரி ஊறுகாயோடு தருவார்கள். விநோதமாகத் தோன்றலாம், ஆனால் நான்காவது குச்சிக்கு மேல் போகிறவருக்கு அந்தப் புளிப்புத்தான் துணை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பருவத் தொடக்கத்துச் சிரப் பொன்னிறம், சுவை மென்மை. நாள் போகப்போக வெயில் ஏறி, நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சிறு சர்க்கரைகளாக உடைக்க, காய்ச்சும்போது அது கருக்கிறது, சுவையும் தடிக்கிறது. கடையில் பொன்னிறத்துக்கு மதிப்பு அதிகம். சமையலுக்கும் ஹாமுக்கும் நான் கருஞ்சிரப் பக்கம்.

இனிப்புத் தட்டிலும் வறுமையின் கைரேகை இருக்கிறது. மாவுருண்டையைச் சிரப்பில் வேகவைத்துத் தருவது தாத்தாக்கள் என்ற பண்டம். மாவும் சிரப்பும் இருந்தால் போதும். வேலையில்லாதவர் புட்டிங் 1929-க்குப் பிந்திய பெருமந்தக் காலத்தில் பரவியது. சாதாரணக் கேக் மாவின் மேல் சூடான பாகை ஊற்றி ஓவனில் வைத்தால் பாகு கீழே இறங்கி மாவு மேலே எழும்பும். அன்று அதில் போட்டது மலிவான பழுப்புச் சர்க்கரை. இன்று குடில்களில் மேப்பிள் சிரப்பும் பாலாடையும் சேர்த்துச் செய்கிறார்கள். பெயரில் மட்டும்தான் வேலையில்லாதவர் மிச்சம்.

வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் என்றிருந்த குடில் விருந்து கார் வந்தபின் நகரத்தாருக்கு விற்பனைக்கு வந்தது. மாகாணத்தின் பெருநகரமான மொன்றியலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மோன்-சாந்-கிரெக்வார், ரிகோ, மிராபெல் போன்ற இடங்களில் நூற்றுக்கணக்கானோர் உட்காரும் கூடங்கள் எழுந்தன. பிடில், கரண்டிகளைத் தொடையில் தட்டி எழுப்பும் தாளம், உட்கார்ந்தபடியே காலால் தரையில் போடும் தாளம், குதிரை இழுக்கும் சறுக்குவண்டி எல்லாம் சேர்ந்தன. ரிகோவில் இருக்கும் சுக்ரெரி த லா மோந்தாஞ் விறகடுப்பையும் வாளிகளையும் இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. இன்னொரு கோடியில், மொன்றியல் சமையல்காரர் மார்ட்டின் பிகார் 2009-இல் மிராபெல் பக்கம் ஒரு குடிலைத் திறந்து பழைய பட்டியலை வாத்தின் கொழுத்த ஈரலோடு ஊதிப் பெருக்கினார். இடம் கிடைப்பதே அரிதாகிவிட்டது. எளிய சாப்பாட்டை ஆடம்பரமாக்கியதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை; ஆனால் பெரிய கூடங்களின் அலுத்துப்போன சாப்பாட்டின் மேல் இளைய சமையல்காரர்களின் கண்ணைத் திருப்பியவர் அவர் என்பதை மறுக்க முடியாது.

அலுப்பு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய கூடங்கள் பல இன்று முதலில் விருந்து மண்டபம், பிறகுதான் சர்க்கரைப் பண்ணை. மறுபக்கம், கியூபெக்கின் ஆயிரக்கணக்கான மேப்பிள் பண்ணைகளில் பெரும்பாலானவை யாருக்கும் சாப்பாடு போடுவதில்லை. அங்கே வாளி கிடையாது. மரத்துக்கு மரம் நீலக் குழாய், வெற்றிடப் பம்பு, அடுப்புக்குப் போகும் முன்பே நீரின் பெரும்பகுதியைப் பிரித்துவிடும் சவ்வு இயந்திரம். உலக மேப்பிள் சிரப்பில் சுமார் எழுபது விழுக்காடு கியூபெக்கிலிருந்து வருகிறது என்றால் அது இந்தக் குழாய்களின் வழியாகத்தான். பீப்பாய்களில் மொத்தமாகப் போகும் சிரப்புக்கு உற்பத்தியாளர் கூட்டமைப்பு விலை பேசுகிறது. 2004 முதல் யார் எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்ற ஒதுக்கீடும் உண்டு. பண்ணை வாசலில் சிறு டப்பாக்களில் வாடிக்கையாளருக்கு நேரே விற்பது இந்த ஏற்பாட்டுக்கு வெளியே. சாப்பாட்டு மேசையும் அப்படித்தான். விருந்து முடிந்து வெளியே வரும் வழியில் சிரப், மிட்டாய், வெண்ணெய் என்று ஒரு கடை ஏன் தவறாமல் இருக்கிறது என்பது இப்போது விளங்கும்.

மழை வெயிலை நம்பிய தொழில் என்பதால் கூட்டமைப்பு 2000-ஆம் ஆண்டிலிருந்து ஒரு சேமிப்பும் வைத்திருக்கிறது. நல்ல வருடத்து மிச்சத்தைப் பீப்பாயில் அடுக்கிப் பஞ்ச வருடத்தில் எடுப்பது. 2011-க்கும் 2012-க்கும் இடையில் அந்தச் சேமிப்பிலிருந்து ஏறத்தாழ 3,000 டன் சிரப் திருடுபோனது, மதிப்பு 1.8 கோடிக் கனடிய டாலருக்கு மேல். சிரப்பை உறிஞ்சிவிட்டுச் சில பீப்பாய்களில் தண்ணீரை நிரப்பிவைத்திருந்தார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள், ஆனால் சேமிப்பு எதற்கு என்பதை அண்மை வருட எண்களே சொல்லும்: கியூபெக்கில் 2022-இல் 21.1 கோடிப் பவுண்டு, 2023-இல் 12.4 கோடி, 2024-இல் 23.9 கோடி. மரங்கள் பெரும்பாலும் அவைதான்; இரவுக் குளிரும் பகல் வெயிலும் சேர்ந்த நாட்கள்தான் கூடின, குறைந்தன.

கொரோனா இந்தக் குடில்களை அடித்தது போல வேறு உணவகங்களை அடித்திருக்காது. 2020 மார்ச்சில், வருடத்தின் மொத்த வருமானமும் வரும் ஆறு வாரத்தின் நடுவில் கதவடைப்பு. அடுத்த வருடமும் கூடம் திறக்காதபோது பட்டாணி சூப்பிலிருந்து சிரப் டப்பா வரை எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள். குடில்கள் ஒன்றுசேர்ந்து இணையத்தில் நடத்திய அந்த முயற்சி பலரைக் காப்பாற்றியது. அந்த 2021-இலேயே கியூபெக் அரசு சர்க்கரைப் பருவத்து மரபுகளைப் பண்பாட்டு உடைமையாக அறிவித்தது.

தமிழ் வாசகர்கள் இந்நேரம் கேட்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். பன்றி சாப்பிடாதவர், கறியே சாப்பிடாதவர் இங்கே என்ன செய்வது? மொன்றியலில் கணிசமான தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போய்வந்த பிள்ளைகள் அப்பா அம்மாவையும் இழுத்துக்கொண்டு போவார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சைவமாகத் தெரியும் தட்டுகளில்தான் கவனம் வேண்டும். பட்டாணி சூப்பில் ஹாம் எலும்பு வெந்திருக்கும். பீன்ஸில் கொழுப்பு உண்டு. உருளைக்கிழங்கு பன்றி நெய்யில் வறுபட்டிருக்கலாம்.

இந்தக் கேள்வி ஒருமுறை அரசியலே ஆனது. 2007 மார்ச்சில் மோன்-சாந்-கிரெக்வார் பகுதிக் குடில் ஒன்றுக்குப் போன முஸ்லிம் குழுவினர் முன்பே பேசி, தங்களுக்குப் பன்றி சேராத பட்டாணி சூப்பும் பீன்ஸும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சாப்பிட்ட பின் நடனக் கூடத்தின் ஒரு பகுதியில் தொழுதார்கள். சில நிமிடம் இசை நின்றது. அது, மற்றவர்களை வெளியே தள்ளிவிட்டார்கள், எல்லோருடைய சூப்பையும் மாற்றிவிட்டார்கள் என்று ஊதிப் பெருகிப் பத்திரிகைகளில் வந்தது. சிறுபான்மையினருக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று மாகாணமே சண்டையிட்டுக்கொண்டிருந்த நேரம். அதை ஆராய்ந்த ஜெரார் பூஷார், சார்ல்ஸ் டெய்லர் இருவரின் ஆணையம் 2008 அறிக்கையில் நடந்ததற்கும் பரவியதற்கும் உள்ள தூரத்தை எடுத்துக்காட்டியது. ஒரு கிண்ணம் சூப்புக்கு இவ்வளவா என்றால், அந்தக் கிண்ணம் கியூபெக்காரர்களுக்கு வெறும் சூப் அல்ல என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று பல குடில்கள் சைவ, ஹலால் பட்டியல்களைத் தாமாகவே விளம்பரம் செய்கின்றன. கொழுப்பில்லாத பீன்ஸும் நன்றாகவே இருக்கிறது. சிரப் அதைக் காப்பாற்றிவிடுகிறது. ரொறன்ரோ பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குச் சிக்கல் குறைவு. ஒன்ராறியோப் பண்ணைகளில் பெரும்பாலும் பான்கேக்தான் மையம்.

போக நினைக்கிறவருக்கு: மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை நல்ல காலம். சனி ஞாயிறுக்கு வாரக்கணக்கில் முன்பே இடம் பிடிக்க வேண்டும். வேலைநாளில் போனால் காய்ச்சுகிறவரோடு பேச நேரம் கிடைக்கும். தொலைபேசியில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: சிரப் அங்கேயே காய்ச்சுகிறார்களா? ஆமாம் என்றால், போகும் முந்தின இரவு உறைந்து பகலில் உருகுமா என்று வானிலையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். அப்படிப்பட்ட நாளில்தான் அடுப்பு எரியும். முற்றம் முழுக்கச் சேறாக இருக்கும், பழைய பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள்.